குந்துகல்லில் உட்கார்ந்தவள்

என் கொழுந்தனுக்கு அவளைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அவளைக் கேட்டோம். கல்யாணப் பெண் வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிற கேள்வி அது. பதில் யாருக்கும் வேண்டியதில்லை. இவள் தலையைத் தூக்கினாள்.

"காலையிலேருந்து தலையைக் குனிய வெச்சிட்டீங்க. அவரு கால் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். அது நல்லாத்தான் கீது."

சிரித்துச் சிரித்து என் மாமியாருக்குப் புரையேறிவிட்டது. அதோடு மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. சில நாள் கழித்துச் சுனையில் தண்ணீர் மொள்ளும்போது, நான் கேட்காமலே என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"அக்கா, இப்ப முழுசாப் பார்த்துட்டேன். காது கொஞ்சம் பெருசு. மத்தபடி குறை சொல்றதுக்கில்ல."

அவள் எனக்கு ஓரகத்தி. நான் பெரியவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், அவள் சின்னவனுக்கு. ஊரில் என்னைப் பெரியவள் என்பார்கள், அவளைச் சின்னவள் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கும் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

ஜவ்வாது மலையில் பிறந்து இந்த மலையிலேயே கிழவியானவள் நான். நிறைய பிடிவாதக்காரிகளைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருத்திதான். என் மாமியார் என்னைவிடப் பெரிய பிடிவாதக்காரி. ஆனால் எங்கள் பிடிவாதம் எல்லாம் எங்களுக்கு ஏதாவது வேண்டும் என்பதற்காக. ஒரு பட்டுப் புடவை வேண்டும், ஒரு துண்டு நிலம் வேண்டும், ஒரு மரியாதை வேண்டும். சின்னவளுக்கு எதுவும் வேண்டாம். கண்ணால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ஒன்றில் அவளை அசைக்க முடியாது.

ஒருமுறை எங்கள் தெருவில் ஒரு வெள்ளாடு காணாமல் போனது. ஆட்டுக்காரிக்குக் கோடிவீட்டுப் பையன்மேல் சந்தேகம். அன்று மதியம் அந்தப் பக்கம் விறகோடு வந்தவள் சின்னவள் ஒருத்திதான். ஆட்டுக்காரி அவளைக் காளி கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அவன் ஓட்டிகினு போனதைப் பார்த்தேன்னு சொல்லுடி. நீ பார்த்திருப்பே."

"கயிறு கிடந்ததைப் பார்த்தேன். ஆட்டையும் பார்க்கல, அவனையும் பார்க்கல."

இதைக் கேட்டுப் பையனுடைய தாய்க்கு உயிர் வந்தது. ஓடி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, அப்படியே என் புள்ள திருடலன்னும் ஒரு வார்த்தை சொல்லிடு. ஊரு வாய் அடங்கும்."

"அதையும் நான் பார்க்கலையே."

ஒரே மதியத்தில் இரண்டு வீட்டுப் பகையையும் சம்பாதித்துக்கொண்டு வந்தாள். "உனக்கு இன்னாடி வந்துச்சி? அந்தப் பிள்ளையாவது தப்பிச்சிருக்கும்" என்று நான் திட்டினேன். அவள் விறகைப் பிளந்துகொண்டே இருந்தாள். எனக்கு அன்று அவள்மேல் கோபம்தான். அவளோடு ஒரே வாசலில் குடியிருப்பது, முள்வேலிக்குப் பக்கத்தில் துணி காயப்போடுவதுபோல. நல்ல துணியும் கிழியும்.

கொழுந்தன் புளியமரத்தில் இருந்து விழுந்து செத்தான். மாசி மாதம், புளி உலுக்கும் காலம். மரத்தடியில் யாரும் இல்லை. நிலத்தில் கிடந்தவனைக் கண்டு வீட்டுக்குத் தூக்கி வந்தபோதே உயிர் இல்லை. சாவு வீட்டில் எல்லாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கஷ்டப்படாமல் போய்விட்டான் என்று ஒருவர். தண்ணீர் கேட்டான் என்று ஒருவர். கடைசியில் உன் பெயரைத்தான் சொன்னான் என்று இன்னொருவர். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "நீங்க கிட்ட இருந்தீங்களா?" என்று கேட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வார்கள்? எழுந்து போனார்கள்.

வெகுநாள் கழித்து, சாமை குத்தும்போது, அதைப் பற்றி அவளாகவே பேசினாள்.

"அக்கா, எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னாங்க. தெரியும். ஆனா யாரோ ஒருத்தரு நெஜமாவே கிட்டப் போய் அவரு மூச்சைப் பார்த்திருக்கலாம். இத்தினி பேரு சொன்னதுல அது எதுன்னு இப்ப எனக்குத் தெரியல. எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டேன். எனக்குன்னு அவரோட கடைசி வார்த்தை ஒண்ணும் இல்ல."

உலக்கையை என்னிடம் கொடுத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். அதற்கு அப்புறம் நான் அவளை அந்த விஷயத்தில் திட்டியதில்லை.

எங்கள் வீடு நாள் சொல்கிற வீடு. அது என்ன என்று மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

ஊருக்கு மேலே ஏறினால் பெரிய வழுக்கைப் பாறை ஒன்று வரும். அதன்மேல் குள்ளர் வீடுகள் இருக்கின்றன. பலகைக்கல்லை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பலகைக்கல்லால் மூடின வீடுகள். ஒரு பக்கத்துக் கல்லில் மட்டும் வட்டமாக ஓட்டை இருக்கும். குள்ள மனிதர்கள் கட்டி வாழ்ந்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கார்த்திகைக்கு நாங்கள் அங்கே விளக்கு வைப்போம். அந்த வீடுகளுக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான ஒரு கல். அதுதான் குந்துகல்.

அதில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் எதிர்மலை தெரியும். அதன் உச்சியில் இரண்டு பெரும்பாறைகள், நடுவில் ஒரு சந்து. மார்கழியில் பொழுது அந்த மலையின் தெற்கு மூலையில் எழும். தை பிறந்ததும் நாளுக்கு நாள் வடக்கே நகரும். ஆனியில் வடக்குக் கோடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பும். திரும்பி வருகிற வழியில், ஆடியில் ஒருநாள், அந்தச் சந்துக்குள் எழும். குந்துகல்லில் இருந்து பார்த்தால்தான் அது சந்துக்குள் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்றாலும் பாறைமேல் ஏறி நிற்பதுபோலத் தெரியும். அன்று கல்லில் உட்கார்ந்திருப்பவர் "வந்துருச்சி" என்று சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம்தான் எங்கள் ஊரில் சாமை விதை மண்ணில் விழும். மழை கொட்டினாலும், மண் பதமாகக் கிடந்தாலும், அதற்கு முன்னால் ஒருவரும் ஒரு பிடி எறியமாட்டார்கள். அப்படி எறிந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள். எறிந்தவர்கள் இல்லை.

என் மாமனார் அந்தக் கல்லில் இருந்தார். அவருக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் இருக்க வேண்டும், மூத்தவர் அவர்தான். ஆனால் அவருக்குச் சின்ன வயதிலேயே தூரப்பார்வை போதாது. கொழுந்தன் உட்கார்ந்தான். கொழுந்தன் செத்த வருஷம், ஆடியில், கல்லில் யார் உட்காருவது என்று ஊரார் பேசிக்கொண்டே பாறைக்கு ஏறினால், சின்னவள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள்.

தாலி அறுத்தவள், அதுவும் பொம்பளை, அந்தக் கல்லில். ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். அவர்தான் எங்கள் ஊருக்குத் தலைவர். பேசத் தெரிந்தவர், ஆனால் அன்று தடுமாறினார்.

"பொம்பள... அந்தக் கல்லுல குந்தலாமா?"

அவள் சந்தில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "குந்தறதுக்கு இன்னா வேணுமோ அது உங்களைப்போல எனக்கும் கீது, கவுண்டரே."

பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோம். கவுண்டர் திரும்பி எங்களை முறைத்தார். அதற்குள் பொழுது எழுந்துவிட்டது. "வந்துருச்சி" என்றாள். விதைக்கும் வேலை வந்துவிட்டால் எங்கள் ஊரில் வேறு வழக்குப் பேசமாட்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு அவரவர் காட்டுக்கு ஓடினார்கள். இப்படித்தான் அவள் நாள் சொல்கிறவள் ஆனாள். யாரும் கொடுக்கவில்லை. போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் ஒரு வருஷம் ஆடி முழுக்க மேகம். எதிர்மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. சந்தில் பொழுது நிற்கிற நாட்கள் மூட்டத்துக்குள்ளேயே கடந்து போயின. இப்படி ஆனால் என் மாமனார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "வந்துருச்சி" என்று சொல்லிவிடுவார். எல்லாரும் அதற்காகக் காத்திருந்தார்கள். இவள் தினமும் போய் உட்கார்ந்தாள், தினமும் நனைந்துகொண்டு வந்தாள்.

"வந்திருக்கும் இல்ல?" என்று கவுண்டர் கேட்டார்.

"இருக்கும்."

"அப்ப வந்துருச்சின்னு சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போவும்."

"பார்க்கலையே. நீங்க போய் வெதைங்க, நான் வேணான்னா சொன்னேன்?"

"நீ சொல்லாம எப்படி வெதைக்கறது?"

"நான் பார்க்காம எப்படிச் சொல்றது?"

இது பல நாள் நடந்தது. கடைசியில் ஊர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. அவள் கல்லில் நின்று, "இந்த வருஷம் பார்க்கல" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அதுவும் கல்லில் இருந்து வந்த வார்த்தைதானே, அதை வைத்து விதைத்துக்கொள்ளலாம். சொன்னாள். விதைத்தோம். அந்த வருஷத்து விளைச்சலுக்குப் 'பார்க்காத சாமை' என்று பெயர் வந்துவிட்டது. நன்றாகத்தான் விளைந்தது. அதை நான் சொல்லாமல் விடக் கூடாது. சோறு ருசியாக இருந்தது, அவளும் சாப்பிட்டாள்.

கீழே இருந்து போன் வைத்துக்கொண்டு படம் எடுக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். நல்ல பிள்ளைகள், வெயிலில் சிவந்து போய் வருவார்கள், நான் மோர் கொடுப்பேன். ஒருவன் அவளைக் கல்லில் உட்கார வைத்துக் கேட்டான். "அம்மா, இதுதான் உலகத்துலயே பழைய காலண்டர்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நிறைய பேரு பார்ப்பாங்க."

"காலண்டரு எங்க வூட்டுச் செவுத்துல கீது. மளிகைக் கடைல கொடுத்தது."

"இல்லம்மா, இந்தக் கல்லு. ஆயிரம் ஆயிரம் வருஷமா இருக்குதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சி எங்க மாமனாரு காலத்துலேருந்து கீது. அதுக்கு முன்னாடி நான் இந்த ஊர்ல இல்லையே."

நான் ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டேன். இவளுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் தெரியாது. நானாக இருந்தால் ஆயிரம் என்ன, லட்சம் என்றே சொல்லியிருப்பேன். எங்கள் கல் அது. அதற்கு வயசு அதிகம் சொன்னால் யார் வீட்டுக் கூரை இடியும்?

இடிகிற காலமும் வந்தது.

சந்தவாசல் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிற ஒருவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். நெற்றி நிறையத் திருநீறு, பெரிய வண்டி, மரியாதையான பேச்சு. அவர் கனவில் ஒரு முனிவர் வந்து, இந்தக் கல்லில்தான் நான் தவம் செய்தேன், எனக்கு ஒரு கோயில் கட்டு என்று சொன்னாராம். குள்ளர் வீடுகளைச் சுற்றிக் கம்பி வேலி, குந்துகல்லுக்குமேல் சிமெண்டு மண்டபம், நாலு பக்கம் தூண். ஊர் வரைக்கும் தார்ரோடு போட்டுத் தருவதாகவும், கோயிலுக்கு ஆள் வந்தால் எங்கள் பிள்ளைகள் கடை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். யாருக்கு ஆசை வராது? மழைக்காலத்தில் பிள்ளைத்தாய்ச்சியைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் நாங்கள். என் பெரிய மகனே கடைக்கு இடம் பார்த்துவிட்டான்.

அவருக்கு ஒன்றே ஒன்று வேண்டும். நாள் சொல்கிற வீட்டில் இருந்து ஒருவர், ஊர் நடுவில், இந்தக் கல்லில் முனிவர் இருந்தார் என்று எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்வார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை இல்லாமல் ஊரார் கல்லில் கைவைக்க விடமாட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

பலாமரத்தடியில் ஊர் கூடியது. மண்டிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்னவளைக் கூப்பிட்டார்கள்.

"இந்தக் கல்லுல முனிவரு உக்காந்தாருன்னு உங்க வூட்ல சொல்லுவாங்களாமே, தாயி?" என்று மண்டிக்காரர் கும்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எங்க வூட்ல சொன்னதில்ல."

"சொல்லாம இருந்திருக்கலாம். உக்காந்தது உக்காந்ததுதானே?"

"நான் பார்க்கல, மொதலாளி."

அவர் சிரித்தார். "யுகத்துக்கு முன்னாடி நடந்ததை நீ எப்படிம்மா பார்ப்பே?"

"நீங்க பார்த்தீங்களா?"

"கனவுல பார்த்தேன்."

"அப்ப கனவுல கட்டிக்கங்க."

எங்கோ பின்னால் ஒரு ஆள் களுக்கென்று சிரித்துவிட்டு அடங்கினான். கவுண்டருக்கு முகம் கறுத்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை.

"அந்தக் கல்லுல குந்தினது என் மாமனாரு, என் புருஷன், நானு. முனிவரு வர்றாருன்னா வரட்டும், எழுந்து எடம் கொடுக்கறேன். மேல கூரை போட்டுத் தூண் நிறுத்திட்டா பொழுது வர்றதை எங்கேருந்து பார்ப்பேன்?"

"கெழக்கால ஒரு ஜன்னல் வெச்சித் தர்றோம்மா."

"ஜன்னலு கொத்தனாரு வெச்ச எடத்துல இருக்கும். பொழுது அங்க வந்து நிக்குமா?"

மண்டிக்காரர் எழுந்து போய்விட்டார். அவர் போன பின்பு ஊர் அவளைச் சும்மா விடவில்லை. ரோடு போச்சு, கடை போச்சு, ஒரு பொம்பளையின் வாயால் எல்லாம் போச்சு என்றார்கள். அவளுக்கு ஊர்க்கட்டு போட்டார்கள். அவளோடு பேசக் கூடாது, அவள் வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, அவள் காட்டுக்கு மாத்தாள் போகக் கூடாது. இந்தக் காலத்தில் நெருப்பு யாருக்கு வேண்டும், அவளிடம் தீப்பெட்டி இருந்தது. மாத்தாள்தான் பெரிய அடி. இன்று நான் உன் காட்டில், நாளை நீ என் காட்டில் என்று மாற்றி மாற்றி வேலை செய்துதான் எங்கள் நிலம் எல்லாம் விளைகிறது. உழவுக்கு முன்னால் கல் பொறுக்க வேண்டும், புதர் வெட்ட வேண்டும். அவள் தனியாக அவள் காட்டில் குனிந்து கிடந்தாள்.

அவள் காட்டில் புதர் வெட்ட நான் அரிவாளை எடுத்துக்கொண்டு, கவுண்டர் வீட்டு வாசல் வழியாக, அவர் பார்க்கத்தான் போனேன்.

"பெரியவளே, எங்க போறே? கட்டு போட்டிருக்குது இல்ல?"

"எனக்கும் சேர்த்துப் போட்டுடுங்க, கவுண்டரே. உங்க செவலைப் பசு இந்த மாசம் ஈனும்போது கன்னு குறுக்கால நின்னா, யாரைக் கூப்பிடுவீங்கன்னு நானும் பார்க்கறேன்."

அவர் உள்ளே போய்விட்டார். எனக்குக் கட்டு யாரும் போடவில்லை.

ஆனால் ஊர் வேறு வழி கண்டுபிடித்தது. நாள் சொல்கிற வீட்டில் மூத்தவர் யார்? என் வீட்டுக்காரர். உரிமை அவருடையது. இந்த ஆடிக்கு அவர் உட்கார்ந்து நாள் சொல்லட்டும், அப்படியே முனிவர் வார்த்தையும் சொல்லட்டும், அங்கேயே பூமி பூஜை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மண்டிக்காரர் பஞ்சாங்கம் பார்த்து நாளும் குறித்துவிட்டார். பாறை முடிகிற இடத்தில் மண் இருக்கும் பக்கமாகப் பார்த்து வேலித் தூணுக்குக் குழியும் தோண்டிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு அந்தக் காலத்தில் இருந்தே ஒரு குறை. மூத்தவனாகப் பிறந்தும் கல்லில் உட்காரவில்லை. வெள்ளை வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டார். நான் கேட்டேன்.

"கண்ணு தெரியாம எப்படிச் சொல்லுவீங்க?"

"வெளிச்சம் தெரியும். அது போதும். எங்கப்பா மேகத்துல சொல்லலையா?"

"தம்பி பொண்டாட்டி சோத்துல மண்ணைப் போட்டுட்டு நீங்க கல்லுல குந்தப் போறீங்க."

"நான் எங்க போட்டேன்? ஊரு கூப்பிடுது, போறேன்."

இதையெல்லாம் வாசலின் அந்தப் பக்கம் இருந்து அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "மாமாவுக்குப் பாறைல கால் வழுக்கும், கையைப் புடிச்சிக் கூட்டிகினு போக்கா" என்றாள்.

அன்று விடியலில் மேகம் ஒரு பொட்டு இல்லை. ஊர் முழுக்கப் பாறையில். விதைக்கூடைகள் வரிசையாக. மேளக்காரர்கள் ஒரு பக்கம், மண்டிக்காரரும் அவர் கூட்டி வந்த ஐயரும் மாலையோடு ஒரு பக்கம். சின்னவள் எல்லாரையும் விட்டுத் தள்ளி, ஒரு குள்ளர் வீட்டின்மேல் சாய்ந்து நின்றாள். அவள் கையில் விதை இல்லை. நான் என் வீட்டுக்காரரைக் கல்லில் உட்கார வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் வந்து நின்றேன்.

பொழுது எழுந்தது. நாங்கள் நின்ற இடத்தில் இருந்து பார்க்க அது வடக்குப் பாறைமேல் ஏறி நின்றது. கல்லில் இருந்து எப்படித் தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம். என் பெரிய மகன் கையில் விதையை அள்ளியே விட்டான்.

அவர் உள்ளங்கை இரண்டையும் முழங்கால்மேல் ஊன்றிக் கிழக்கே பார்த்தார். கண்ணீர் வழிந்தது, வெளிச்சம் பட்டால் வழியும். "சொல்லுங்க பெரியவரே, நேரம் போகுது" என்று மண்டிக்காரர் மெதுவாகச் சொன்னார். மேளக்காரன் குச்சியைத் தூக்கிவிட்டான். ஊரே காத்திருக்கிறது. ஒரே வார்த்தை. சொல்லியிருந்தால் அவர் ஆயுசுக்கும் நாள் சொன்னவர். பொய் என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

பிறகு, யாரும் எழுப்பாமல், கல்லைப் பிடித்துக்கொண்டு அவராகவே எழுந்து நின்றார். எந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்று தெரியாமல் பொதுவாகக் கையை நீட்டிச் சொன்னார். "சின்னவளே, வந்து குந்தும்மா. பார்த்துச் சொல்லு."

அந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதற்காக நான் பெருமைப்பட்ட நாள்கள் உண்டு. அதில் அன்றைக்குத்தான் முதல் இடம்.

ஊர்க்கட்டு போட்டவளுக்குக் கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் அவசரப்படவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டாள். வந்துவிட்டது என்று சொன்னால் ஊர் விதைக்கும், சந்தோஷத்தில் அவளை மன்னித்துவிடும். எல்லாம் ஆயத்தம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே அவளுக்குக் கட்டு அவிழும்.

"வர்ல" என்றாள்.

மேளக்காரன் குச்சியை இறக்கினான்.

"வடக்குப் பாறையை ஒட்டிகினு கீது. சந்துக்குள்ள எறங்கல."

"நாளைக்கு எறங்கிடுமா?" என்று கவுண்டர் கேட்டார். அத்தனை மாதம் கழித்து அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நாளைக்கு வந்து குந்தறேன். பார்க்கலாம்."

என் மகன் கையில் இருந்த விதையைக் கூடைக்குள்ளேயே போட்டான். ஒரு மணி கீழே சிந்தியது, அதையும் குனிந்து பொறுக்கினான். நான் என் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு முதலில் இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே எல்லாக் கூடைகளும் இறங்கி வந்துகொண்டிருந்தன.

மண்டிக்காரர் கையில் மாலையோடு நின்றார். "இன்னாய்யா இது, எல்லாரும் போறீங்க? நல்ல நேரம் முடியறதுக்குள்ள பூஜையையாவது போட்டுடலாம்."

கவுண்டர் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கோயிலு கட்டுங்க மொதலாளி, வேணாம்னு சொல்லல. கீழ பஸ் நிக்கற எடத்துல கட்டுங்க. இந்தக் குழியெல்லாம் மட்டும் மூடிட்டுப் போங்க. நாளைக்கு ஜனம் விடியறதுக்கு முன்னயே ஏறி வரும், இருட்டுல காலை வெச்சிடப் போறாங்க."

குழியை மூட மண்வெட்டி போதவில்லை என்று மண்டிக்காரரின் ஆள் ஒருவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். இரண்டு கொடுத்தனுப்பினேன்.